பெட்டியைத் திறக்கும்போது அருகில் இருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. "மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியை மாற்றுகிறார்கள், வாக்களித்து என்ன பயன்? வங்கிக் கணக்கே கைப்பேசிக்கு வந்துவிட்டது, வாக்கும் வரட்டுமே" என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
- ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அம்மா, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. 2013 பொதுத்தேர்தல் இரவில் மின்தடைக் கதைகளைக் கேட்டுவிட்டு விடியும்வரை தூங்காமல் கிடந்தேன். சந்தேகப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2008இல் வாக்களிப்புக்குச் சில நாள்கள் இருக்கும்போது அழியா மைத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2013இல் முதன்முறையாக மை வந்தது. கழுவினால் போகிறது என்ற புகாரும் கூடவே வந்தது.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். 2018 மே 9 பொதுத்தேர்தலன்று பட்டர்வொர்த்தில் ஒரு வேட்பாளரின் வாக்கு எண்ணும் முகவராக உட்கார்ந்தேன். அஞ்சல் வாக்குகளுக்கு வேறு ஏற்பாடு உண்டு. மற்றபடி அன்று நாம் போடும் சீட்டுகளை அந்த வாக்குச்சாவடியிலேயே எண்ணுகிறார்கள். எண்ணுவதற்காகப் பெட்டி ஊர் சுற்றுவதில்லை. அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்ட, நாங்கள் கோடு போட்டுக் கணக்கெடுத்தோம்.

நாடாளுமன்றப் பெட்டியில், வாக்காளர்களுக்குக் கொடுத்த கணக்கைவிட ஒரு சீட்டு குறைந்தது. ஒரே ஒரு சீட்டு! கட்டுகளையெல்லாம் பிரித்து மறுபடி எண்ணினார்கள். இன்னொரு சீட்டின் மடிப்புக்குள் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அது எங்கள் வேட்பாளருக்கு விழுந்த வாக்கு அல்ல. ஆனாலும் அது கிடைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரோ வெயிலில் வரிசையில் நின்று போட்டது அல்லவா?

பிறகு, எண்ணிக்கையைப் பதிவு செய்யும் 14ஆம் பாரத்தில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் பெற்றோம். ஒரு கட்சி தன் முகவர்களின் நகல்களைக் கூட்டிப் பார்த்தால், அறிவிக்கப்படும் முடிவு சரியா என்று அன்றிரவே தெரிந்துவிடும்.

கைப்பேசியில் இது நடக்காது. வங்கியில் பணம் குறைந்தால் உங்கள் பெயரை வைத்துத் தேடலாம். வாக்கில் பெயர் இருக்கக் கூடாதே! திரைக்குப் பின்னால் அது மாறினால் எதை வைத்துத் தேடுவது? ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் அங்கே பயன்பட்ட வாக்கு இயந்திரங்களை ஏற்க மறுத்தது. தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது.

உங்கள் மகனை அடுத்த தேர்தலில் எண்ணும் முகவராக அனுப்புங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

கேள்வி: அப்படியானால் நம் தேர்தலில் குறையே இல்லையா?
- ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பெரிய குறை இருக்கிறது. 2022இல் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். சரவாக்கின் ஈகானில் 30 ஆயிரம்கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கொரு நாடாளுமன்ற உறுப்பினர்தான். 2013இல் அன்றைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி சுமார் 47 விழுக்காடு வாக்குகளோடு 222 இடங்களில் 133ஐப் பிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. தொகுதி எல்லையை மாற்றும் பரிந்துரை வெளியானால், ஆட்சேபிக்க ஒரு மாத அவகாசம் உண்டு. பாதிக்கப்படும் தொகுதியில் பதிவுபெற்ற வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து ஆட்சேபித்தால், விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணை சொல்கிறது. செந்தூலில் 100 பேரைத் திரட்ட உங்களால் முடியாதா, ஐயா?