மூன்று நாள் பயிற்சியும் அதற்கப்புறமும்

அன்புள்ள ஐயா,

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் அரசு ஊழியராக இருக்கிறேன். போன வருடம் தலைமைப் பண்புப் பயிற்சி என்று மூன்று நாள் அனுப்பினார்கள். நன்றாகவே இருந்தது. திரும்பி வந்து இரண்டு மாதம் ஆபீசே சுறுசுறுப்பாக நடந்தது. அப்புறம் மேலதிகாரிக்கு மாறுதல் வந்தது. பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இந்த வருடமும் பெயர் கேட்கிறார்கள். இதனால் ஜனங்களுக்கு ஏதாவது நிலைக்குமா, இல்லை வெறும் சம்பிரதாயமா?

ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள வாசகிக்கு,

சம்பிரதாயமாகப் போவதுதான் அதிகம். ஆனால் நிலைத்ததற்கு உங்கள் கேரளத்திலேயே உதாரணம் உண்டு. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். கூடவே மெம்பர், அலுவலர், தன்னார்வலர் என்று பெரிய அளவில் பயிற்சி நடந்தது. கிராம சபை நடத்துவது எப்படி என்று வகுப்பில் கேட்டவர், ஊருக்குத் திரும்பி நிஜமாகவே சபையைக் கூட்டி, கைக்கு வரப்போகும் பணத்துக்குத் திட்டம் எழுத வேண்டியிருந்தது. எப்படி மறக்கும்? 1998-ல் வந்த குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவித் திட்டத்திலும் அப்படித்தான். அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கத்துக் குழுவில் சிறுசேமிப்புக் கணக்கு எழுதி, கூடிப் பேசிப் பழகிய பெண்கள் பலர், உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்றானதும் 2010 தேர்தலில் நின்றார்கள்.

உங்கள் பயிற்சியில் அதிகாரிக்கு உற்சாகம் கிடைத்தது. மாறுதலில் அவரோடே அதுவும் லாரி ஏறிவிட்டது. (குழு போட்டோ மட்டும் சுவரில் இருக்கும் என்று நினைக்கிறேன்.)

உங்கள் பக்கத்து வில்லேஜ் ஆபீஸ் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வருமானச் சான்றுக்கு வரும் தமிழ்ப் பாட்டிகள் மலையாளப் பலகையைப் பார்த்து விழித்துவிட்டு, ஏதோ ஒரு காகிதம் இல்லை என்று திரும்பிப் போவார்கள். பயிற்சிக்குப் போய் வந்த ஒரு குமாஸ்தா, ரேஷன் கார்டு, ஆதார், வரி ரசீது என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுக்கட்டாக ஜன்னலில் வைத்தார். இதில் சலுகை எதுவும் இல்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுதிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. குமாஸ்தா மாறிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் எந்தப் பயிற்சிக்கும் போனவரில்லை. ஆனாலும் கட்டு தீர்ந்தால் அவரே ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறார். ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லும் தொல்லை அவருக்குத் தப்புகிறதே!

அதனால் பெயர் கொடுங்கள். முடிந்தால் பக்கத்து மேசைக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும், ஜனங்கள் எந்த இடத்தில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் சரி செய்யுங்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் அவருக்கும் வேலை குறைகிற மாதிரி இருக்கட்டும்.