ஒரு அழுத்தில் நாலு குண்டு: கெட்டியான ஸ்பிரிங் போட்டால் சரியாகுமா?

வாசகர் கேள்வி: வாடகைக்கு விட எட்டு டிப்மேன் 98 கஸ்டம் பெயின்ட்பால் மார்க்கர் (சாயக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) வைத்திருக்கிறேன். எல்லாமே சிஓ2 சிலிண்டரில் ஓடுபவை. நிதானமாகச் சுட்டால் பிரச்சினை இல்லை. ஆட்டம் சூடுபிடித்து மளமளவென்று சுட ஆரம்பித்தால், சிலவற்றில் ட்ரிகரை ஒரு தரம் அழுத்தினாலே மூன்று நான்கு குண்டு போய்விடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, கெட்டியானதாக மாற்று என்கிறார் நண்பர். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குக் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் கோளாறு அதிகமாகத்தான் ஆகும்.

உள்ளே நடப்பது இதுதான். ட்ரிகரை அழுத்தியதும் சியர் (ஹேமர் என்ற அடிக்கும் உருளையைப் பிடித்து வைக்கும் கொக்கி) விடுபடுகிறது. ட்ரைவ் ஸ்பிரிங் ஹேமரை முன்னே தள்ள, அது போய் வால்வை அடிக்கிறது. திறந்த வால்விலிருந்து வரும் வாயுவில் ஒரு பங்கு குண்டைத் தள்ளும், இன்னொரு பங்கு ஹேமரைப் பின்னால் எறியும். ஹேமர் போதுமான தூரம் பின்னால் போனால்தான் சியர் அதைப் பிடிக்கும். கதவை வேகமில்லாமல் சாத்தினால் தாழ் விழாமல் திரும்பத் திறந்துகொள்ளுமே, அதே கதைதான். சியர் பிடிக்காத ஹேமர் மறுபடி ஓடிப்போய் வால்வை அடிக்கும், மறுபடி ஒரு குண்டு போகும்.

வேகமாகச் சுடும்போது மட்டும் ஏன்? சிலிண்டரில் இருப்பது திரவ சிஓ2. அது வாயுவாக மாற வெப்பம் வேண்டும், அதைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தொட்டுப் பாருங்கள், சில்லென்று வியர்த்திருக்கும். 20 டிகிரியில் சுமார் 830 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இருக்கும் அழுத்தம், 0 டிகிரியில் ஏறக்குறைய 500 ஆகிவிடும். இப்படித் தளர்ந்த வாயு, ஹேமரை மட்டுமல்ல, அதன் பின்னால் உள்ள ஸ்பிரிங்கையும் அழுத்திச் சுருக்கியாக வேண்டும். அந்த ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் சியர் வரை ஹேமர் எப்படிப் போய்ச் சேரும்?

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ட்ரைவ் ஸ்பிரிங் நிஜமாகவே தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். ஹேமர் மெதுவாக அடித்தால் வால்வு சரியாகத் திறக்காது, பின்னால் எறிய வாயு போதாது. 30 டிகிரி வெயிலில் சிலிண்டர் அழுத்தம் 1,040 பி.எஸ்.ஐ. வரை ஏறி, வால்வை உள்ளிருந்தே இறுக்கிப் பிடித்திருக்கும். தளர்ந்த ஸ்பிரிங் அப்போது திணறும். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டரிலும் தீரப்போகும் சிலிண்டரிலும் மட்டும் வந்தால், குற்றவாளி வாயு. புதிதாக நிரப்பிய சிலிண்டரில், நிதானமாகச் சுடும்போது முதல் குண்டிலிருந்தே வந்தால், மார்க்கரைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

திறப்பதற்கு முன் ஹாப்பரை (மேலே குண்டு போடும் டப்பா) காலி செய்து, சிலிண்டரைக் கழற்றி, மிச்ச வாயுவைச் சுட்டு வெளியேற்றுங்கள். கண்ணாடி அணிந்திருங்கள். ட்ரைவ் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், பாய்ந்து வரும். அதைப் புதிய ஒரிஜினல் ஸ்பிரிங் பக்கத்தில் நிற்க வையுங்கள். குட்டையாகியிருந்தாலோ, வளைந்திருந்தாலோ, துருப் புள்ளிகள் இருந்தாலோ மாற்றிவிடுங்கள், அதே ஒரிஜினல் அளவிலேயே. ஹேமரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தால் பின்னால் தள்ள வேண்டிய வாயு கசிந்துவிடும். சியரின் முனை மழுங்கியிருந்தாலும், அதன் குட்டி ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலும் பிடிப்பு நழுவும். என் அனுபவத்தில் வாடகை மார்க்கர்களில் பாதிக் கோளாறு, ஓ-ரிங்கை மாற்றி நாலு சொட்டு எண்ணெய் விட்டாலே போய்விடும்.

பழைய ஸ்பிரிங்கை பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் மாதிரி இழுத்து நீட்டிப் போடுபவர்கள் உண்டு. ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே வந்து நிற்கும். ஒரு சுற்றை வெட்டிப் போடுவதும் வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் குட்டையாவதோடு கெட்டியாகவும் ஆகிவிடும். ஆனாலும் குட்டையாகிவிட்டதால் மார்க்கருக்குள் அதன் அழுத்தம் முதலிலும் கடைசியிலும் குறைந்துதான் இருக்கும், கணக்கே குழம்பும். கம்பியின் தடிமனும் அப்படித்தான், 10 சதவீதம் கூடினாலே கடினம் ஏறக்குறைய 46 சதவீதம் ஏறும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று கிடைத்ததைப் போடக்கூடாது.

குண்டின் வேகத்தைக் கூட்டத்தான் கெட்டியான ஸ்பிரிங் என்பவர்கள் ஸ்பைடர் வகை மார்க்கர்களை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அவற்றில் பின்பக்கத் திருகு ஸ்பிரிங்கையே அழுத்தி வேகத்தை மாற்றும். 98-இல் வேகத் திருகு பேரலுக்குப் போகும் வாயுவின் வழியைத்தான் குறுக்குகிறது. வால்வை மூடும் வால்வு ஸ்பிரிங் வேறு சங்கதி. அதைக் கெட்டியாக்கினால் வால்வு சீக்கிரம் மூடி வேகம் குறையும், தளர்த்தினால் வாயு வீணாகும். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

குற்றவாளி வாயுதான் என்று தெரிந்தால், ரெகுலேட்டர் உள்ள உயர் அழுத்தக் காற்றுச் சிலிண்டருக்கு மாறுவதே நிலையான தீர்வு. வழக்கமான வகை சுமார் 850 பி.எஸ்.ஐ.யை ஒரே சீராகத் தரும். எட்டுக்கும் ஒரேயடியாக வாங்குவது செலவுதான். அதுவரை ஆளுக்கு இரண்டு சிஓ2 சிலிண்டர் கொடுத்து, ஒன்று குளிர்ந்ததும் மற்றதை மாட்டச் சொல்லுங்கள்.

எந்த ஸ்பிரிங்கை மாற்றினாலும் க்ரோனோவில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) பத்துக் குண்டு சுட்டுப் பார்க்காமல் ஆட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். பொதுவான உச்சவரம்பு வினாடிக்கு 300 அடி. வாடகை ஆட்டத்துக்கு நான் 280-க்கு மேல் விடமாட்டேன். 3 கிராம் குண்டு 280 அடியில் ஏறக்குறைய 11 ஜூல் ஆற்றலோடு அடிக்கும், 320-இல் 14-ஐத் தாண்டிவிடும். சிஓ2-வில் ஓடும்வரை, காலைக் குளிரில் வைத்த அளவு மதிய வெயிலில் தானாகவே ஏறும். மதியம் ஒரு முறை மறுபடி க்ரோனோ பாருங்கள்.