வாசகர் கேள்வி பதில்: எடையா, நிறையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அறிவியல் பாடத்தைப் பற்றியவை, அதிலும் ஜோடி ஜோடியாக வந்து குழப்பும் சொற்களைப் பற்றியவை. பொதுவாக ஒரே ஒரு யோசனைதான் என்னிடம் உண்டு. வரையறையை மனப்பாடம் பண்ணுவதற்கு முன்னால் இதை எந்தக் கருவியால் அளப்பார்கள், எந்த அலகில் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. "என் எடை 40 கிலோகிராம்" என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது. எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம், இது என்ன நியாயம்?

பதில்: பேச்சில் யாரும் தப்பு சொல்லப் போவதில்லை, ஆனால் விடைத்தாளில் ஆசிரியர் பக்கம்தான் நியாயம் அம்மா. கிலோகிராம் என்பது நிறையின் அலகு. உடம்பில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பதுதான் நிறை, அது எங்கே போனாலும் மாறாது. எடை என்பது விசை, அதாவது பூமி உங்கள் மகளைக் கீழே இழுக்கும் இழுப்பு, அதை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும். 40-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 392 நியூட்டன் வரும். நிலவில் ஈர்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான், அதனால் அங்கே அவள் எடை 65 நியூட்டன் அளவுக்கு இறங்கிவிடும், நிறை மட்டும் அதே 40 கிலோகிராம்.

இதைக் கருவியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பூமியில் செய்த சுருள்வில் தராசை நிலவுக்குக் கொண்டுபோய் அவளை அதில் தொங்கவிட்டால், முள் ஆறரை கிலோ சொச்சத்தில் நின்றுவிடும், ஏனென்றால் அது அளப்பது இழுப்பை. இரண்டு தட்டுத் தராசில் ஒரு பக்கம் அவளையும் மறுபக்கம் படிக்கற்களையும் வைத்தால் அங்கேயும் 40 கிலோ கற்கள்தான் வேண்டும், ஏனென்றால் இரண்டு தட்டுக்கும் ஈர்ப்பு ஒன்றுபோலவே குறைந்திருக்கும். விண்வெளி நிலையத்தில் மிதக்கிறவர்களுக்கு இந்த இரண்டு தராசுமே உதவாது. அங்கே சுருள்வில்லோடு இணைந்த ஒரு கருவியில் உடம்பைப் பொருத்திக்கொள்வார்கள், அது எவ்வளவு வேகமாக அசைகிறது அல்லது இழுபடுகிறது என்பதை வைத்து நிறையைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். எடையே தெரியாத இடத்திலும் நிறை தன் வேலையைக் காட்டுகிறது, பார்த்தீர்களா?

கேள்வி: வெப்பம், வெப்பநிலை இரண்டும் சூடுதானே? எதற்கு இரண்டு சொல்? (எட்டாம் வகுப்பு மாணவன்)

பதில்: தம்பி, ஒரு கோப்பையில் 200 மில்லி கொதிநீர், 100 டிகிரி செல்சியஸ். பக்கத்தில் ஒரு வாளியில் 10 லிட்டர் வெதுவெதுப்பான நீர், 40 டிகிரி. விரலை விட்டால் கொப்பளிப்பது கோப்பைதான் (விடாதே!). ஆனால் இரண்டிலும் 0 டிகிரி பனிக்கட்டியைப் போட்டுக்கொண்டே வந்தால், வெளியே வீணாகிற வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, கோப்பை நீர் கால் கிலோ பனிக்கட்டியை உருக்குவதற்குள் ஓய்ந்துவிடும், வாளி நீரோ ஐந்து கிலோவை உருக்கிவிடும். வெப்பநிலை என்பது எவ்வளவு சூடு என்பது, அதை வெப்பமானி காட்டும். வெப்பம் என்பது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போகும் ஆற்றல், அலகு ஜூல். எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்பது வெப்பநிலையை மட்டுமல்ல, பொருளின் அளவையும் அது என்ன பொருள் என்பதையும் பொறுத்தது. வெப்பமானியை மட்டும் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

கேள்வி: கெட்டில் மூக்கிலிருந்து வெள்ளையாகப் புகைபோல வருவதுதானே நீராவி?

பதில்: இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும்போது மூக்கின் நுனிக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவே கொஞ்சம் இடம் காலியாகத் தெரியும், நீராவி இருப்பது அங்கேதான். வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து மறுபடி நீராகிவிட்ட மிக நுண்ணிய துளிகள்.

கேள்வி: தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும் என்று படித்தேன். அப்படியானால் பகல் முழுக்க மூச்சே விடாதா?

பதில்: அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம் என்பது என் கருத்து. சுவாசம் பகல், இரவு எந்நேரமும் நடக்கும், வேர், தண்டு, இலை என உயிருள்ள எல்லாச் செல்லிலும் நடக்கும். சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் வேலை அது, நிறுத்தினால் செல் செத்துப்போகும். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும், பச்சையம் வேண்டும். நல்ல வெளிச்சத்தில் அது சுவாசத்தை விட வேகமாக நடப்பதால் கணக்குப் பார்த்தால் ஆக்சிஜன் மிச்சமாகி வெளியே வருகிறது. 1779-இலேயே யான் இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவர், பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில் மட்டுமே காற்றை நல்லதாக்குகின்றன, இருட்டில் தாவரமும் காற்றைக் கெடுக்கிறது என்று காட்டிவிட்டார்.

மூச்சுவிடுதல் வேறு, சுவாசம் வேறு என்பதையும் இதோடு பிடித்துக்கொள். முன்னது நெஞ்சு விரிந்து சுருங்கிக் காற்றை உள்ளே வெளியே தள்ளுவது, பின்னது செல்லுக்குள் நடக்கும் வேதிவினை. வீட்டிலேயே பார்க்கலாம்: முளைவிட்ட விதைகளை ஒரு ஃபிளாஸ்க்கில் போட்டு, வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்துவிடு. இன்னொன்றில் வேகவைத்து ஆறவைத்த விதைகளைப் போடு, அவை அழுகினால் அதுவும் சூடாகும் என்பதால் கொஞ்சம் கிருமிநாசினியில் அலசிவிட்டுப் போடு. ஓரிரு நாளில் முதல் ஃபிளாஸ்க் சூடேறியிருக்கும். மூக்கும் இல்லை நுரையீரலும் இல்லை, சுவாசம் மட்டும் ஜோராக நடக்கிறது.

கேள்வி: கோழி முட்டை ஒரே ஒரு செல் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முட்டை முழுவதும் இல்லை. கருவுறாத முட்டையில் மஞ்சள் கரு மட்டும்தான் அந்த ஒற்றைச் செல், வெள்ளைக் கருவும் ஓடும் அதைச் சுற்றிப் பிறகு சேர்ந்தவை. கருவுற்ற முட்டை என்றால் கதை வேறு, கோழி இடுவதற்குள்ளேயே பிரிதல் தொடங்கி, மஞ்சள் கருவின் மேல் தெரியும் அந்த வெளிறிய சின்னப் புள்ளியில் ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்திருக்கும்.