நாயுடன் நகரத்தில் சில நாட்கள்: வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் நாய்க்கு நான்கு வயது. வெளியூர் போகும்போதெல்லாம் அவனைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவோம். வருகிற விடுமுறையில் ஒரு பெருநகரத்தில் மூன்று நாட்கள் தங்கப் போகிறோம். இந்த முறை அவனும் வர வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். நாய்களுக்கு அனுமதி உண்டு என்று அறிவித்திருக்கும் ஒரு ஹோட்டலைப் பார்த்து வைத்திருக்கிறோம். பணம் கட்டுவதற்கு முன் வேறு என்ன கவனிக்க வேண்டும், டாக்டர்?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. "அனுமதி உண்டு" என்று எல்லா ஹோட்டல்களும் ஒரே மாதிரி எழுதினாலும், அதன் பொருள் இடத்துக்கு இடம் மாறும். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட நாய்களைச் சில இடங்களில் சேர்ப்பதில்லை. சில இனங்களை அறவே சேர்க்காத இடங்களும் உண்டு. கூடுதல் கட்டணத்தை ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள், தங்கும் காலம் முழுவதற்கும் ஒரே முறை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் இவை எல்லாம் தெரிந்துவிடும். பெரும்பாலோர் கேட்க மறப்பது வேறொன்று: நாயை அறையில் தனியே விட்டுவிட்டு நாங்கள் வெளியே போகலாமா? பல ஹோட்டல்கள் இதற்கு இசைவதில்லை. அருங்காட்சியகம், திரையரங்கு, பெரும்பாலான உணவகங்கள் ஆகியவற்றுக்குள்ளோ நாயை விட மாட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தின் பெரும்பகுதியில் குடும்பத்தில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பது விளங்கும். அது யார், எந்த வேளையில் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

தனியே விடலாம் என்று ஹோட்டல் சொன்னாலும், உங்கள் நாய் அதைத் தாங்குமா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டில் அமைதியாகத் தனித்திருக்கும் நாய், புதிய இடத்திலும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. பயணத்துக்கு முன் ஒருநாள் நண்பர் வீட்டு அறை ஒன்றில் அதை விட்டுவிட்டு, செல்பேசியை ஒரு மூலையில் வைத்து அரை மணி நேரம் படம் எடுத்துப் பாருங்கள். சற்று நேரம் முகர்ந்து திரிந்துவிட்டுப் படுத்துக்கொண்டால் கவலையில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது, எச்சில் வடிப்பது, ஓயாமல் உலாவுவது, கதவைப் பிறாண்டுவது ஆகியவை தெரிந்தால் தனியே விடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அதை அடம் என்று எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம்; அது உண்மையான அச்சம்.

அறை கேட்கும்போது, லிஃப்டுக்கு அருகில் இல்லாததும், முடிந்தவரை கீழ்த்தளத்தில் உள்ளதுமான அறையைக் கேளுங்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். எங்கள் நாயை முதன்முதலாக ஒரு ஹோட்டலில் தங்கவைத்த இரவு, அது உறங்கவே இல்லை. கதவுக்கு அடியில் ஒரு கோடாகத் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே படுத்திருந்தது. நடைக்கூடத்தில் யாராவது போனால் அந்தக் கோட்டில் நிழல் விழும். உடனே எழுந்து நிற்கும். லிஃப்ட் மணி ஒலிக்கும்போதெல்லாம் ஒரு குரைப்பு. துண்டு ஒன்றைச் சுருட்டிக் கதவடியை அடைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன அதன் விரிப்பைக் கட்டிலின் மறுபக்கம் போட்ட பிறகுதான் அது தலையைச் சாய்த்தது. அந்த விரிப்பைப் பயணத்துக்காகத் துவைத்து எடுத்துப் போகாதீர்கள். அதில் ஊறியிருக்கும் வீட்டின் வாசனைதான் நாய்க்கு வேண்டியது.

மூன்று நாட்களின் ஒழுங்கையும் நாயை வைத்தே அமையுங்கள். காலையில் தெருக்கள் ஓய்ந்திருக்கும்போது நீண்ட நடை, நண்பகலில் அறையில் உறக்கம், வெயில் தணிந்தபின் மீண்டும் ஒரு நடை என்று வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்க விரும்பும் இடங்களை அந்த நண்பகல் இடைவெளியில் முறை போட்டுப் பார்த்து வரலாம். வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறத்தாழ பாதி நேரம் உறங்குவது. அந்த உறக்கத்தைப் பறித்துக்கொண்டு நாள் முழுதும் கூட்டத்துக்குள் இழுத்துச் சென்றால், இரண்டாம் நாள் மாலையில் சாதுவான நாயும் உறுமத் தொடங்கும்.

கேள்வி: கோடை விடுமுறையில் நாயை நகரத் தெருக்களில் நடத்திச் செல்வது சரியா? தேவைப்பட்டால் சிறிது நேரம் காரில் விட்டுவிட்டுப் போகலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கூடாது, ஐந்து நிமிடமும் கூடாது. வெளியே 22 டிகிரி செல்சியஸ் என்ற இதமான வெப்பநிலை இருக்கும் நாளில்கூட, வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை. மனிதருக்கு உடல் முழுவதும் வியர்ப்பதுபோல் நாய்க்கு வியர்ப்பதில்லை. அது பெரும்பாலும் இரைத்தே தன் உடலைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே சூடாகிவிட்டால் இரைப்பதில் பயன் இல்லை. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

தெருவில் நடப்பதைப் பொறுத்தவரை, காற்றின் வெப்பத்தைவிடத் தரையின் வெப்பமே முக்கியம். காற்று 25 டிகிரி இருக்கும்போதே நேர் வெயிலில் காயும் தார்ச்சாலை 50 டிகிரியை எட்டக்கூடும். உங்கள் புறங்கையைச் சாலையில் அழுத்தி ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதன்மேல் படக் கூடாது.

நகரத்துக்கே உரிய வேறு சில ஆபத்துகளும் உண்டு. எஸ்கலேட்டரில் நாயை நடக்க விடாதீர்கள். படிகள் தரையோடு சேரும் இடத்தில் உள்ள பற்களில் கால்விரல் சிக்கி நகம் பெயர்ந்து வந்த நாய்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். தூக்க முடிந்தால் தூக்கிச் செல்லுங்கள். முடியாவிட்டால் படிக்கட்டையோ லிஃப்டையோ தேடுங்கள். லிஃப்டில் நுழையும்போது கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நாய் முழுவதும் உள்ளே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூட விடுங்கள். நீண்டு சுருங்கும் கயிறு நகரத்துக்கு ஏற்றதல்ல. நடைபாதையில் கிடக்கும் எலும்புத் துண்டு, சாக்லேட், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் ஆகியவை எல்லாம் ஒரு நொடியில் வாய்க்குள் போய்விடும். ஆகவே "விடு" என்றால் விடும் பழக்கத்தைப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வீட்டில் ஏற்படுத்துங்கள்.

கேள்வி: காரில் ஏறினாலே எங்கள் குட்டி வாந்தி எடுக்கிறது. ஐந்து மணி நேரப் பயணத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: குட்டிகளுக்கு இது இயல்பு, பல குட்டிகளுக்கு வளர வளர நின்றுவிடும். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன் சிறிதளவு உணவு கொடுங்கள். அதன்பிறகு தண்ணீர் மட்டும் போதும். நின்றிருக்கும் காரில் உட்காரவைப்பது, பிறகு தெருமுனை வரை போய்வருவது என்று சிறிது சிறிதாகப் பழக்குங்கள். இதற்குப் பிறகும் நிற்காவிட்டால், மாரோபிட்டன்ட் என்ற மருந்து பயண வாந்தியை நன்றாகக் கட்டுப்படுத்தும். அதை உங்கள் மருத்துவர் குட்டியின் வயதையும் எடையையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மடியில் வைத்துக்கொள்வதைத் தவிருங்கள். பின் இருக்கையில் மார்புப் பட்டை போட்டுக் கட்டுவதோ, அசையாமல் பொருத்திய கூண்டில் வைப்பதோதான் பாதுகாப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கயிற்றை மாட்டிய பிறகே கதவைத் திறந்து இறக்குங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது பக் நாய். வெளிநாட்டு நகரம் ஒன்றுக்கு விமானத்தில் அழைத்துப் போக நினைக்கிறோம். மயக்க மருந்து கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கிவிடும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு இழுப்பது சிரமம். மயக்க மருந்து மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் மேலும் தாழ்த்தும். சரக்கு அறையில் ஏதேனும் நேர்ந்தால் பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் இல்லை. இந்த இனங்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றவே பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. பயணிகள் பகுதியில், உங்கள் காலடியில் கூண்டோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

நாடு கடப்பதற்கான ஆயத்தங்களையும் கடைசி வாரத்தில் தொடங்க முடியாது. உதாரணமாக, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் போக, முதலில் மைக்ரோசிப் என்னும் சிறிய அடையாளச் சில்லை நாயின் தோலுக்கடியில் பொருத்தி, அதற்குப் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். முதல் ஊசியானால் அதன்பின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். சில நாடுகளிலிருந்து வருவோர், ஊசி போட்டு 30 நாட்களேனும் கழிந்த பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையின் சான்றும் காட்ட வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் கழிந்தால்தான் நுழைய முடியும். இந்த வரிசை மாறினால் எல்லையில் திருப்பி அனுப்பக்கூடும்.

கேள்வி: தெரியாத ஊரில் நாய் தொலைந்துவிட்டால்?

பதில்: மைக்ரோசிப்புடன் பதிவாகியுள்ள தொலைபேசி எண் இப்போது நீங்கள் பயன்படுத்தும் எண்தானா என்று இன்றே பாருங்கள். பழைய எண்ணோடு இருக்கும் சிப்பால் பயனில்லை. கழுத்துப்பட்டையின் தகட்டில் பயணத்தில் உங்கள் கையில் இருக்கும் செல்பேசியின் எண் இருக்கட்டும். ஹோட்டலில் நாய்கள் பெரும்பாலும் தப்புவது, அறையைத் துப்புரவு செய்ய வருபவர் கதவைத் திறக்கும் நொடியில்தான். "உள்ளே நாய் இருக்கிறது, நுழைய வேண்டாம்" என்று எழுதிக் கதவில் தொங்கவிடுங்கள். ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு துரத்தாதீர்கள். பயந்த நாய் மேலும் ஓடும், அதுவும் வண்டிகளுக்கு நடுவே. தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கூப்பிடுங்கள். கண்ணுக்கு எட்டவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் விரிப்பைப் போட்டு ஒருவர் அங்கேயே இருக்க, மற்றவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் படத்தோடு தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்குப் பதின்மூன்று வயது. பார்வை மங்கிவிட்டது. அவளை விட்டுப் போக மனம் வரவில்லை. அழைத்துச் செல்லலாமா?

பதில்: உங்கள் மனம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். பார்வை மங்கிய நாய், தண்ணீர்க் கிண்ணம் எங்கே, படி எங்கே, வாசல் எங்கே என்பதை எல்லாம் நினைவிலேயே வைத்துக்கொண்டு நடமாடுகிறது. புதிய அறையில் அந்த நினைவு உதவாது; எதிலாவது முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அவளுக்குப் பழக்கமான ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளட்டும். மருந்து வேளைகளையும் மருத்துவரின் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்ற வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.