போஸ்ட் மாஸ்டர் பதில்கள்: ரேடியோ நெல்லும் மேட்டூர்த் தண்ணீரும்

போன இதழில் திருச்சி வானொலியைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

கேள்வி: என் அப்பாயி "ரேடியோ நெல்லு" என்று ஒன்றைச் சொல்வார். ரேடியோவுக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் அப்பாயி சொன்னது ஆடுதுறை 27. ஏ.டி.டி. 27 என்பார்கள். 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம். ஜப்பான் நெல் ஒன்றையும் நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி உண்டாக்கியது. மூன்றரை மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும், அதனால் குறுவைக்குக் கச்சிதம். குறுவையை அறுத்த கையோடு அடுத்த போகமான தாளடி நடலாம்.

1966-ல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் விவசாயத்துக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. திருச்சி அதில் ஒன்று. அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லா என்றால் திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் அதற்குள்தான். அத்தனை ஊருக்கும் எப்போது நாற்று விடுவது, எத்தனை நாளில் பறிப்பது, எப்போது மேலுரம் போடுவது என்று ரேடியோவில் சலிக்காமல் சொன்னார்கள். நெல்லின் பெயரும் நம்பரும் வாயில் நுழையாதவர்கள், "அதான், ரேடியோவுல சொன்னாங்களே, அந்த நெல்லு" என்று கேட்டு வாங்கினார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அப்போது எனக்குப் பதினாலு வயது. பஞ்சாயத்து ரேடியோ அறையின் சாவி சித்தப்பாவிடம் இருக்கும், திறந்து போடுவது நான். அறைக்கு மேலே குழாய் ஸ்பீக்கர், எதிரே பிள்ளையார் கோயில் திண்ணை. பாட்டு முடிந்து விவசாயம் தொடங்கியதும் பொடியன்கள் கலைந்து ஓடுவோம், பெருசுகள் துண்டை உதறிப் போட்டு உட்காருவார்கள். "ரேடியோக்காரனுக்கு வயல் ஏதுடா?" என்று கேட்ட என் அப்பாவும் கடைசியில் அரை ஏக்கரில் போட்டுப் பார்த்தார்.

பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் அப்பா என்னை மன்னிக்க மாட்டார். அந்த நெல்லுக்கு உறக்கம் கிடையாது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளை விட்டுவிடும். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் மழை பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஜில்லா முழுக்கக் களத்தில் ஈர நெல். அந்த ஈர நெல்லை என்ன செய்வது என்று கண்டுபிடிக்கத்தான் 1967-ல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் வந்தது. பிறகு தஞ்சாவூருக்கு மாறி, வளர்ந்து, இன்றைக்கு உணவுத் தொழில்நுட்பப் படிப்புக்குப் பிள்ளைகள் போட்டி போடுகிற நிறுவனமாக இருக்கிறது.

முளைத்த நெல்லைத் திண்ணையில் கொட்டி வைத்துவிட்டு அப்பா ஒரு வாரம் ரேடியோ அறைப் பக்கமே வரவில்லை. அடுத்த வருஷமும் அதே நெல்லைத்தான் போட்டார். களத்தில் அளந்த கண்டுமுதல் அப்படி.

கேள்வி: மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தினமும் வாசிப்பார்களாமே, அதெல்லாம் ஒரு செய்தியா?
– சென்னை, வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வேளச்சேரியில் தண்ணீர் தானாக வீட்டுக்குள் வருகிறது. எங்களுக்கு மேட்டூரில் திறந்தால்தான் உண்டு.

அணையின் முழு உயரம் 120 அடி. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளாவது ஆகும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, எங்கள் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, கடைமடை வாய்க்காலை நனைக்க இன்னும் எத்தனை நாள் என்பது அந்தந்த வருஷத்தின் தலையெழுத்து. இதற்கு நடுவே நாற்றங்கால் உழ வேண்டும், விதை ஊற வைக்க வேண்டும், ஆள் சொல்ல வேண்டும். ஊறிய விதை காத்திருக்காது.

அதனால் அந்த எண்தான் செய்தி. அப்பா கதவின் உள்பக்கம் சாக்குக்கட்டியால் எழுதுவார்: 71, 74, 78. எண் 90-ஐத் தொட்டால் அம்மா பரணிலிருந்து விதைக்கோட்டையை இறக்கச் சொல்வாள். எண் இறங்குமுகம் என்றால் அடகுக்கடைப் பேச்சு ஆரம்பிக்கும். காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியில், சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலில் உலகமே எங்கள் வீட்டுக்கு வரும். வியட்நாம் வரும், வங்காளதேசம் வரும். மேட்டூர் வராது. அது வர திருச்சி வேண்டும்.

கேள்வி: திருச்சி நிலையம் எப்போது தொடங்கியது? உங்களுக்குப் பிடித்த அறிவிப்பாளர் யார்?
– லால்குடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: 1939 மே 16. சென்னை நிலையத்துக்கு ஒரு வயது நிறையும் முன்பே திருச்சி வந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் இல்லை. செய்தி வாசிப்பவர்கள் பெயர் சொல்வார்கள், நிலைய அறிவிப்பாளர்கள் அந்தக் காலத்தில் சொல்ல மாட்டார்கள். ஒரு அம்மா குரல் இருந்தது, கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி. அவர் நேரம் சொன்னால் என் சித்தப்பா கடிகாரத்தைத் திருத்துவார், அதற்கு முன் தலைமுடியையும் ஒதுக்கிக்கொள்வார். அவ்வளவுதான் தெரியும்.

கேள்வி: நீங்கள் வானொலிக்கு நேயர் கடிதம் எழுதியதுண்டா?
– மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்: எழுதியதைவிட முத்திரை குத்தியது அதிகம். தபால் இலாகாவில் நான் கிளார்க்காகச் சேர்ந்த காலத்தில், சனிக்கிழமை பையைக் கட்டினால் "நிலைய இயக்குநர், அகில இந்திய வானொலி, திருச்சிராப்பள்ளி" என்று பத்துக் கார்டாவது இருக்கும். கார்டைப் படிக்கக் கூடாது. படித்தேன். சினிமாப் பாட்டு கேட்டவர்கள் பாதி. மீதிப் பேர் கேட்டது வேறு: "வாழையில் இலை மஞ்சளாகிறது", "கறவை மாடு சினை பிடிக்கவில்லை", "எங்கள் ஊர் வாய்க்கால் மதகு உடைந்து கிடக்கிறது, யாரிடம் சொல்வது?"

ஒரு பெரியவர் கவர் ஒன்றை நீட்டினார், உள்ளே ஏதோ நெருடியது. என்ன என்று கேட்டேன். நெல் தூர் ஒன்றை, வெங்காயத் தாள் மாதிரி வெளுத்துக் குழலாகிப் போனதை, மடித்து வைத்திருந்தார். ஆனைக்கொம்பன் பூச்சி தாக்கியது. "சொன்னா அவங்களுக்குப் புரியாது தம்பி, பாக்கட்டும்" என்றார். ரேடியோவில் இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எடை கூடுதலாக இருந்தது. தபால்தலைக்குக் குறைந்த காசை நான் போட்டேன். பதில் வந்ததா என்று கேட்பதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

ரேடியோ லைசென்ஸ் பணம் கட்டுவதும் தபால் ஆபீசில்தான், வருஷத்துக்கு 15 ரூபாய். 1985-ல் அதை எடுத்தார்கள். அதுவரை, வீட்டில் ரேடியோ பாடுவது தெருவுக்கே கேட்கும், என்னைப் பார்த்தால் மட்டும் "அது கெட்டுப்போயி ரெண்டு வருஷமாச்சு சார்" என்பார்கள்.

கேள்வி: தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஊர்ச் செய்திக்கு இனி வானொலி எதற்கு?
– பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இதைப் பட்டுக்கோட்டைக்காரர் கேட்கலாமா? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? என் தங்கை வீடு உங்கள் ஊருக்குத் தெற்கே. தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது. மின்கம்பம் இல்லை, டவர் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. நான் பஸ்ஸும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, தெருவில் ஏழெட்டுப் பேர் ஒரு பழைய டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரியை வெயிலில் காய வைத்துக் காய வைத்துப் போட்டார்களாம். கரண்ட் எப்போது வரும் என்று அது சொல்லவில்லை. அடுத்த மழை எங்கே என்று சொன்னது, அதுவே அன்றைக்குத் தேவையாக இருந்தது.

வாட்ஸ்அப்பை நான் திட்டவில்லை. எங்கள் தெருக் குழுவில்தான் யார் வீட்டில் துக்கம் என்று தெரிகிறது. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்பு, கல்லணை திறந்தாயிற்று என்று அதில் ஒரு படம் வந்தது. பழைய வருஷத்துப் படம். பக்கத்து வீட்டுப் பையன் அதை நம்பி விதையை ஊற வைத்துவிட்டான். யார் போட்டது என்று கேட்டால், "பார்வர்டு வந்துச்சு மாமா" என்கிறான். வானொலியில் தப்பாகச் சொன்னால் சண்டைக்குப் போக ஒரு கட்டடமாவது இருந்தது.

கேள்வி: உங்கள் வீட்டில் இன்னும் ரேடியோ ஓடுகிறதா?
– நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: ஓடுகிறது. பேத்தி போனில் ரெயின்போ பண்பலை வைத்துத் தருகிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கை திருச்சி நிலையத்தின் 936-க்குத்தான் திருகும். ஒரே இடைஞ்சல் எல்.இ.டி. பல்பு. அது எரிந்தால் மத்திய அலையில் தேனீக் கூட்டைக் கலைத்த மாதிரி இரைச்சல். அதனால் ரேடியோ கேட்கும்போது கூடத்து விளக்கை அணைத்துவிடுகிறேன். இருட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்று வீட்டுக்காரி தினமும் சத்தம் போடுகிறாள். ஆனி மாதத்தில் மட்டும் அவளே வந்து விளக்கை அணைத்துவிட்டு, "எவ்வளவாம்?" என்று கேட்கிறாள்.