செயற்கை இடுப்பு மூட்டு வடிவமைப்பு: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

செயற்கை இடுப்பு மூட்டு வடிவமைக்க ஆசைப்படும் மகள், உயிர்மருத்துவப் பொறியியல் என்ற பெயரைப் பார்த்து அதில்தான் சேருவேன் என்கிறாள், அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலை. இளநிலையில் இயந்திரப் பொறியியல், முதுநிலையில் உயிர்மருத்துவப் பொறியியல். என் பரிந்துரை இதுதான்.

இடுப்பு மூட்டு இம்பிளான்ட், அதாவது உடலுக்குள் பொருத்தும் செயற்கை மூட்டு, தோற்பதற்குத் தேய்மானமும் தளர்வும் முக்கியக் காரணங்கள். பிரிட்டிஷ் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, தொடை எலும்புத் தலை அமரும் கிண்ணத்தை முதலில் டெஃப்லானில் செய்தார். அது வேகமாகத் தேய்ந்துபோனது. 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகே இந்தச் சிகிச்சை நிலைபெற்றது. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டிலும் எந்தப் பொருள் என்பதே முக்கியம். கெட்டியான எலும்பின் மீள்தன்மைக் கெழு, அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 17 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியம் கலவைக்கு 110, கோபால்ட்-குரோமியத்துக்கு 200-க்கும் மேல். விறைப்பான தண்டு பாரத்தைத் தானே சுமந்துகொள்வதால், வேலையில்லாத எலும்பு மெலிகிறது. பொருள்களின் வலிமையும் உராய்வியலும் தெரியாமல் இதைக் கணக்கிட முடியாது, இரண்டும் இயந்திரப் பொறியியல் பாடங்கள்.

அடுத்தது மருத்துவப் படிமம், அதாவது எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் போன்றவை. மாணவர்கள் இதை மென்பொருள் பயிற்சி என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இது அளவியல், அதாவது துல்லியமாக அளக்கும் வேலை: படத்தில் எலும்பை அளந்துதான் இம்பிளான்ட்டின் அளவைத் தேர்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நிஜத்தைவிடப் பெரிதாகவே விழும். எவ்வளவு பெரிது என்று அறிய 25 மி.மீ. உலோகக் குண்டு ஒன்றை உடன் வைத்துப் படமெடுப்பார்கள். படத்தில் அது 30 மி.மீ. இருந்தால் உருப்பெருக்கம் 120 சதவீதம். குண்டை அளக்காமல், வழக்கமான 115 சதவீதம் என்றே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 48 மி.மீ. தொடை எலும்புத் தலை படத்தில் 57.6 ஆக விழும், 1.15-ஆல் வகுத்தால் 50 வரும். கிண்ணங்கள் பெரும்பாலும் 2 மி.மீ. இடைவெளியில்தான் வருகின்றன, ஆக ஒரு முழு அளவு பிசகிவிட்டது. குண்டை இடுப்பு மூட்டின் உயரத்தில் வைக்காமல் மேசைமேலேயே வைத்தாலும் இதே விளைவுதான்: படத்தட்டுக்கு அருகில் இருப்பதால் அது குறைவாகவே பெருகும், எலும்பு பெரிதென்று கணக்கு சொல்லும். பெரிய தண்டைத் தேர்ந்து அடித்து இறக்கினால் எலும்பு விரிசல் விடலாம்.

பள்ளி விடுமுறையிலேயே இதைத் தொட்டுப் பார்க்கலாம். 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில், பெயர் நீக்கப்பட்ட திறந்த சிடி ஸ்கேன் ஒன்றை ஏற்றி, தொடை எலும்பை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். அடர்த்தி வரம்பை வைத்து மட்டும் பிரித்தால், குருத்தெலும்பு தேய்ந்த மூட்டில் தலையும் கிண்ணமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். அடுக்கடுக்காகக் கையால் வெட்டித்தான் பிரிக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை அது. இரண்டு மணி நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு மறுநாளும் திறக்கிறாளா என்று கவனியுங்கள்.

வேலை என்று வரும்போது வடிவமைப்பாளர் இடங்கள் குறைவு. சோதனை, தர ஆவணம், ஒப்புதல் பணி, அறுவைத் திட்ட மென்பொருள் ஆகியவற்றில் வாய்ப்பு கூடுதல். நல்ல வடிவமைப்பாளர்கள் பலர் அந்த வழியாகவே உள்ளே வருகிறார்கள். ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, களைப்புச் சோதனை இயந்திரம் (மீண்டும் மீண்டும் பாரம் ஏற்றி உடைகிறதா என்று பார்ப்பது) இருக்கிறதா, இளநிலை மாணவர்கள் அதை இயக்க அனுமதி உண்டா என்று ஆய்வகப் பொறுப்பாளரிடமே கேளுங்கள். தண்டுக்கு 50 லட்சம் முறை பாரம் ஏற்றி இறக்குவது அடிப்படைச் சோதனை. அதைப் படத்தில் மட்டுமே பார்த்துப் பட்டம் வாங்குவதில் பயனில்லை.