குழுவின் பெயரை விட்டுக்கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி: நாங்கள் மதுரையில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள். 2016-ல் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஆரம்பித்த குழு, இப்போது ஃபேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் பெரிதாக வளர்ந்திருக்கிறது. செடியில் பூச்சி விழுந்தால் படம் போட்டுக் கேட்போம், ஆடிப் பட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி நாட்டு விதைகளைப் பகிர்ந்துகொள்வோம். யாரும் யாரிடமும் பைசா வாங்குவதில்லை. எங்களோடு நான்கு வருடம் அட்மினாக இருந்த ஒரு தம்பி, குழுவின் பெயரிலேயே விதை, க்ரோபேக், மண்புழு உரம் விற்கும் கடை போட்டுவிட்டார். அங்கே வாங்கிய விதை முளைக்கவில்லை என்று எங்கள் குழுவில் வந்து திட்டுகிறார்கள். போன வாரம் அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ். பெயர் அவருடைய டிரேட்மார்க்காம், பதினைந்து நாளில் நாங்கள் பெயரை மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் நஷ்ட ஈட்டு வழக்காம். பாதிப் பேர் "எதுக்கு வம்பு, மாத்திடலாம்" என்கிறார்கள். என்ன செய்வது? குழுவின் பெயரை வெளியிட வேண்டாம்.
- ஒரு வாசகி, அண்ணா நகர், மதுரை

அன்புச் சகோதரிக்கு,

மாற்றாதீர்கள். எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள். பதினைந்து நாள் என்பது சட்டம் வைத்த கெடு இல்லை, அந்த வக்கீல் வைத்தது. இருந்தாலும் அதற்குள் உங்கள் பதில் பதிவுத் தபாலில் போய்விட வேண்டும், ஏனென்றால் பேசாமல் இருந்துவிட்டால் "நோட்டீஸ் கொடுத்தோம், வாயே திறக்கவில்லை" என்று நாளைக்குக் கோர்ட்டில் சொல்ல வசதியாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் நகலைப் படித்தேன். "எங்கள் டிரேட்மார்க்" என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, கீழே ஒரு எண்ணும் இருக்கிறது, ஆனால் "பதிவு செய்யப்பட்ட" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கடைப் பலகையின் படத்திலும் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக டிஎம் என்றுதான் இருக்கிறது. டிஎம் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து போட வேண்டுமென்றால்தான் பதிவாகியிருக்க வேண்டும். ஆக, அந்த எண் பெரும்பாலும் வெறும் விண்ணப்ப எண்ணாக இருக்கும். பதிவாகாத பெயரை வைத்துக்கொண்டு உங்கள் மேல் டிரேட்மார்க் மீறல் வழக்கே போட முடியாது, 1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுபவர் மேல் மிரட்டப்பட்டவர் வழக்குப் போடவும் 142-ஆவது பிரிவில் வழி இருக்கிறது, பதில் நோட்டீஸில் உங்கள் வக்கீல் அதை ஒரு வரி குறிப்பிட்டால் போதும்.

அதனால் முதல் வேலையாக டிரேட்மார்க் பதிவகத்தின் ஐபி இந்தியா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள், இலவசம்தான். பரிசோதனையில் இருந்தால் மூச்சு விட நேரம் இருக்கிறது. ஏற்கப்பட்டு, பதிவகம் வெளியிடும் டிரேட்மார்க் ஜர்னலில் விளம்பரம் வந்துவிட்டது என்றால், வந்த தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிப்பு கிடையாது. படிவத்தின் பெயர் டிஎம்-ஓ, ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் அல்லது சேவை வகைக்கு, 2,700 ரூபாய். பதிவகம் சென்னை கிண்டியில் இருந்தாலும் மனுவை மதுரையில் இருந்தபடியே போட்டுவிடலாம், விசாரணையும் வீடியோவில் நடக்கிறது. உங்கள் மனு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் அவர் பதில் போடாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். நிறையப் பேர் அந்தக் கட்டத்திலேயே சத்தமில்லாமல் விலகிவிடுவதும் உண்டு. ஒருவேளை பதிவே ஆகிவிட்டது என்றாலும் கதை முடிந்துவிடாது, 57-ஆவது பிரிவில் பதிவை நீக்கக் கேட்கலாம்.

இப்போது அடிப்படைக்கு வருகிறேன். "அவன் முந்திக்கிட்டுப் பதிவு பண்ணிட்டான், இனிமே என்ன பண்றது" என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. நம் நாட்டில் ஒரு பெயர் முதலில் பதிவு செய்தவரை விட முதலில் பயன்படுத்தியவர் பக்கம்தான் சாயும். இதற்கு நம் பக்கத்து ஊரிலேயே வழக்கு இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவைத் தெரியாதவர் யார்? அந்தப் பெயருக்கு முன்னால் "திருநெல்வேலி" என்று சேர்த்து இன்னொருவர் டிரேட்மார்க் பதிவே வாங்கி வைத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2015-ல் தீர்ப்பு வந்தது. பதிவு கையில் இருந்தாலும் முன்பே பயன்படுத்தி வந்தவரின் உரிமைதான் மேல் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தின் 34-ஆவது பிரிவும் இதே பக்கம்தான் நிற்கிறது. அவர் பெயரைப் பயன்படுத்துவதற்கும் பதிவு வாங்குவதற்கும் முன்னாலிருந்தே நீங்கள் விடாமல் பயன்படுத்தி வந்தால் அவர் உங்களைத் தடுக்க முடியாது. நீங்கள் 2016, அவர் கடை போட்டது போன வருடம்.

"விடாமல்" என்பதைக் கவனியுங்கள். பயந்துபோய் நீங்கள் இன்றைக்குப் பெயரை மாற்றினால் அந்தத் தொடர்ச்சியை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள். இந்த ஆடிக்கும் அதே பெயரில் பேனர் கட்டி, அதே பெயரில் விதை கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வது ஒரு விஷயம், அவர் கடையில் அந்தப் பெயர் இருக்கக்கூடாது என்று தடுப்பது வேறு விஷயம். இரண்டாவதற்கு, அந்தப் பெயரைக் கேட்டால் ஜனங்களுக்கு உங்கள் குழு ஞாபகம் வருகிறது, கடையும் உங்களுடையதுதான் என்று நம்பி ஏமாறுகிறார்கள் என்று காட்டியாக வேண்டும். காசு வாங்காத குழுவுக்கு என்ன நற்பெயர் என்று எதிர்த்தரப்பு கேட்கும். சும்மா கொடுத்தாலும் சேவை சேவைதான், அதில் சேர்ந்த நல்ல பெயரும் நல்ல பெயர்தான். அப்புறம், முளைக்காத விதைக்கு உங்கள் குழுவில் வந்து திட்டியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த மெசேஜ்களை அழித்துவிடவில்லையே? "உங்க கடையில வாங்குன கத்தரி விதை ஒண்ணுகூட முளைக்கல" என்று ஒருவர் உங்களிடம் வந்து சண்டை போட்டிருக்கிறார் பாருங்கள், இந்த வழக்கில் உங்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவரிடமே பேசி நடந்ததை எழுதித் தர முடியுமா என்றும் கேளுங்கள்.

இணையத்தில் வளர்ந்த குழுக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நியாயம் இருக்கும், காகிதம் இருக்காது. போன் மாறும்போது பழைய மெசேஜ் எல்லாம் போய்விடும், கூட்டத்தில் படம் எடுத்தவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். இப்போதே தேடுங்கள். வாட்ஸ்அப்பில் குரூப் இன்ஃபோவின் அடியில் குழு எந்தத் தேதியில் உருவானது என்று இருக்கும். ஃபேஸ்புக் பக்கம் என்றால் எப்போது தொடங்கியது, பெயர் எப்போதெல்லாம் மாறியது என்று அதிலேயே பார்க்கலாம். பழைய கூட்டங்களின் படங்களில் பின்னால் பேனர் தெரிகிறதா என்று பாருங்கள், அடித்த பிட் நோட்டீஸ், நாளிதழின் மதுரைப் பதிப்பில் வந்த துண்டுச் செய்தி, கூட்டத்துக்கு இடம் எடுத்த ரசீது எல்லாம் வேண்டும். விதைப் பொட்டலத்தில் குழுவின் பெயரை ரப்பர் ஸ்டாம்பில் குத்திக் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள், பழைய பொட்டலம் யார் வீட்டு அலமாரியிலாவது நிச்சயம் கிடக்கும், ஸ்டாம்பு செய்த கடையின் பில் கிடைத்தால் இன்னும் நல்லது. வெறும் பிரிண்ட் அவுட்டை மட்டும் நம்பாதீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும், அதனால் மூலப்பதிவு இருக்கிற போனை யாரும் மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

அந்தத் தம்பி இன்னும் எங்காவது அட்மினாக இருக்கிறாரா? இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். எந்தக் கணக்கும் ஒரே ஆளின் போன் நம்பரில் தொங்கக்கூடாது, ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும்.

இனி, குழுவுக்குச் சட்டப்படி ஓர் உருவம் இல்லை என்பதைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். எல்லாருக்கும் பொதுவானது யாருக்கும் சொந்தமில்லாதது போலத் தெரிந்ததால்தான் எடுத்துக்கொள்ளத் துணிந்தார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் டிரேட்மார்க் விண்ணப்பம் ஆன்லைனில் போட வகுப்புக்கு 9,000 ரூபாய், தனிநபர் என்றால் 4,500. பணத்தைப் பார்த்து யாராவது ஒருவர் பெயரில் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம் அம்மா, இன்னும் சில வருடத்தில் இதே கடிதத்தை வேறொருவர் எனக்கு எழுத வேண்டியிருக்கும். விதை, செடிக்கு 31-ஆவது வகுப்பு, பயிற்சி கொடுப்பதற்கு 41-ஆவது வகுப்பு, இந்த இரண்டு போதும். பெயரில் உள்ள "மதுரை"யும் "மாடித்தோட்ட"மும் எவருக்கும் தனிச்சொத்தாகாது, மீதியுள்ள அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனையும்.

வக்கீல் செலவுக்குப் பயப்படுகிறீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் நோட்டீஸ் நகலோடு உங்கள் பெயரில் மனு கொடுங்கள், நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தானே வந்திருக்கிறது.

"பெயரில் என்ன இருக்கு, ஆட்கள்தானே முக்கியம்" என்கிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். விக்கிட்ராவல் என்ற பயண வழிகாட்டியைத் தன்னார்வலர்கள் எழுதி வளர்த்தார்கள், பெயரும் தளமும் ஒரு கம்பெனியிடம் இருந்தது. 2012-ல் அவர்கள் கூட்டமாக வெளியேறியபோது கம்பெனி இரண்டு தன்னார்வலர்கள் மேல் வழக்கே போட்டது. அடுத்த வருடம் சமரசமானது, விக்கிவாயேஜ் என்ற பெயரில் அந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் அங்கே பெயர் அதற்கு முன்பே கம்பெனி கைக்குப் போயிருந்தது. உங்கள் பெயர் உங்களிடம்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஓட வேண்டிய நிலை உங்களுக்கு இல்லை.

அந்தத் தம்பியோடு பேசவே மாட்டோம் என்று முறுக்கிக்கொள்ளவும் வேண்டாம். நான்கு வருடம் உங்களோடு நின்று விதை பிரித்துப் பொட்டலம் கட்டியவர். அவர் கடை நடத்தட்டும், விற்கட்டும், வேறு பெயரில். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, பலகையை மாற்ற இரண்டு மூன்று மாதம் அவகாசம் எடுத்துக்கொண்டு, இனி இந்தப் பெயரைத் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால், கடையைக் குழுவில் அறிவிக்க ஒரு நாள் கொடுப்பதாக நீங்களும் சொல்லலாம். ஆனால் பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று எதிர்ப்பு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். நான்கு மாதக் கணக்கு அதற்காக நிற்காது. முதலில் மனுவைப் போடுங்கள், பிறகு பேசுங்கள். சமாதானமாகிவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.